எந்த வரியில் இருக்கிறது?
உயர்நிலை வகுப்புகளில் வாசிப்பும் உரையாடலும்: வாசகர் கேள்வி – பதில்

மாணவர்களை வாசிக்க வைப்பது, வாசித்ததைப் பற்றிப் பேச வைப்பது, அதற்கு வேண்டிய துணைப்பொருள்களைத் தேடுவது பற்றி ஆசிரியர்களும் பெற்றோர்களும் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். ஒரே பொருளில் வந்தவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பில் 44 பேர். பத்தியை வாசித்து முடித்ததும் ‘இதைப் பற்றி நீங்க என்ன நினைக்கிறீங்க?’ என்று கேட்பேன். முன்வரிசையில் நான்கு பேர் மட்டும் பேசுகிறார்கள். மற்றவர்களைப் பெயர் சொல்லி எழுப்பினால் ‘தெரியல டீச்சர்’ என்று நிற்கிறார்கள். என்ன செய்வது?
– தமிழாசிரியை, திருவாரூர் மாவட்டம்

முதலில் மாற்ற வேண்டியது கேள்வி. ‘என்ன நினைக்கிறீங்க?’ என்பதற்குப் பதில் சொல்லப் பத்தியை வாசித்திருக்க வேண்டிய தேவையே இல்லை. வாய்ச் சாமர்த்தியம் உள்ள நான்கு பேர் வாசிக்காமலே பேசிவிடுவார்கள். கவனமாக வாசித்த பின்வரிசைப் பிள்ளைக்குத் தான் வாசித்ததை எங்கே பயன்படுத்துவது என்று தெரியாது. பதிலைத் தேடி மறுபடியும் தாளுக்குள் போக வைக்கிற கேள்வியால்தான் உரையாடல் பிறக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு. இதற்காகவே எழுதிய சிறு பத்தி இது:

“எங்கள் ஊர்க் கண்மாயில் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. மழை பெய்தாலும் தண்ணீர் நிற்க இடமில்லை என்கிறார்கள் கண்மாய்க்குக் கீழே வயல் வைத்திருப்பவர்கள். அதே மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் பன்னிரண்டு குடும்பங்களும் ஊரில் உண்டு. ஆடி மாதத்துக்குள் மரங்களை வேரோடு அகற்ற வேண்டும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் போட்டுத் தீர்மானித்தார்கள். கரிமூட்டக்காரர்கள் காட்டில் இருந்த நேரம் அது. ‘யாரும் எதிர்ப்புச் சொல்லவில்லை’ என்று பதிவேட்டில் எழுதப்பட்டது.”

இதிலிருந்து நான்கு விதமாகக் கேட்கலாம். அமெரிக்கக் கல்வியாளர் டாஃபி ரஃபேல் 1980களில் வகுத்த பிரிவு இது. ‘எத்தனை குடும்பங்கள் கரிமூட்டம் போடுகின்றன?’ என்பதற்கு விடை ஒரே வரியில், அங்கேயே இருக்கிறது. ‘இந்தத் தீர்மானத்தால் யாருக்கு லாபம், யாருக்கு நட்டம்?’ என்றால் இரண்டு மூன்று வரிகளைத் தேடிச் சேர்க்க வேண்டும். ‘பதிவேட்டில் எழுதியது உண்மையா?’ என்பது மூன்றாவது வகை. விடை எந்த வரியிலும் இல்லை, ஆனால் வரிகளின் துணையில்லாமல் சொல்லவும் முடியாது. ‘உங்க ஊர்க் கண்மாய் எப்படி இருக்கு?’ என்பது நான்காவது. அதற்குப் பத்தியே வேண்டாம்.

உரையாடல் சூடு பிடிப்பது மூன்றாவது வகையில்தான். ‘எழுதியது உண்மை, வந்தவங்க யாரும் எதிர்க்கலையே’ என்று ஒருவர் சொல்வார். ‘வர முடியாத நேரத்துல கூட்டம் வச்சா எப்படி எதிர்ப்பாங்க?’ என்று இன்னொருவர் ஐந்தாவது வாக்கியத்தைக் காட்டுவார். இரண்டு பேரும் தாளைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். பாடத்தை ஊரோடு சேர்க்கும் நல்லெண்ணத்தில் நிறையப் பேர் நான்காவது வகையை முதலில் கேட்டுவிடுகிறார்கள். அதன்பின் பிள்ளைகள் தாளுக்குத் திரும்புவதே இல்லை. அதைக் கடைசி ஐந்து நிமிடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். 44 பேர் முன்னால் திடீரென எழுந்து பேசுவது பெரியவர்களுக்கே கடினம். கேள்வியைக் கரும்பலகையில் எழுதுங்கள். இரண்டு நிமிடம் எல்லோரும் நோட்டில் ஒரே ஒரு வாக்கியம் எழுதட்டும், பக்கத்தில் வரி எண்ணோடு. மூன்று நிமிடம் பக்கத்திலிருப்பவரோடு பேசட்டும். பிறகு முன் பெஞ்சு திரும்பி உட்கார, நான்கு பேராக ஐந்து நிமிடம். அதற்குப் பிறகே முழு வகுப்பு. அப்போதும் ‘உன் கருத்து என்ன?’ என்று கேட்காமல் ‘உன் பக்கத்துல இருக்கிறவங்க என்ன சொன்னாங்க?’ என்று கேளுங்கள். அடுத்தவர் சொன்னதைச் சொல்ல யாரும் கூச மாட்டார்கள், காதுகொடுத்துக் கேட்கும் பழக்கமும் வரும். சிந்தி, இணையாகப் பேசு, பகிர் என்ற இந்த வரிசையை ஃபிராங்க் லைமன் 1981இல் முன்வைத்தார்.

கேள்வி கேட்டபின் வாயை மூடிக் காத்திருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ தம் ஆய்வுகளில் கண்டார். அதை மூன்று நொடியாக்கினாலே பதில்கள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள். மனத்துக்குள் மெதுவாக ஐந்துவரை எண்ணுங்கள். முதல் வாரம் அந்த மௌனம் உங்களுக்குத்தான் சங்கடமாக இருக்கும்.

அந்த நான்கு பேரை அடக்கவும் வேண்டாம். ஆளுக்கு மூன்று புளியங்கொட்டை கொடுங்கள். ஒருமுறை பேசினால் ஒன்றை நடுவில் வைக்க வேண்டும், தீர்ந்தால் மற்றவர்கள் முடிக்கும்வரை கேட்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இதைத் தொடராதீர்கள். கொட்டையைத் தீர்ப்பதற்காகவே ‘நானும் அதேதான்’ என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

கேள்வி: என் வகுப்பில் பத்துப் பேருக்கு இன்னும் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வருகிறது. அவர்களை வைத்துக்கொண்டு எப்படிக் கலந்துரையாடுவது?
– பட்டதாரி ஆசிரியர், கிருஷ்ணகிரி மாவட்டம்

வாசிக்கத் திணறும் பிள்ளைக்குச் சிந்திக்கவும் வராது என்று எண்ணிவிடக் கூடாது. பத்தியை நீங்கள் ஒருமுறை உரக்க வாசியுங்கள், எல்லோரும் விரலால் வரியைத் தொடரட்டும். காதால் கேட்டதை வைத்து அந்தப் பத்துப் பேரும் மற்றவர்களுக்குச் சமமாகப் பேச முடியும். வரிசையாக ஆளுக்கொரு வாக்கியம் எழுந்து வாசிக்கும் பழைய முறையை மட்டும் விட்டுவிடுங்கள். திணறுகிறவருக்கு அது அவமானம். மற்றவர்களும் தங்கள் வாக்கியம் எது என்று எண்ணிக்கொண்டிருப்பார்களே தவிர, பொருளைத் தொடர மாட்டார்கள்.

வாசிப்புப் பயிற்சி தனியே நடக்க வேண்டும், நாளுக்குப் பத்து நிமிடம் போதும். முதலில் எந்த இடத்தில் தடை என்று பாருங்கள். ‘ஏசர்’ எனப்படும் ஆண்டுக் கல்வி நிலை அறிக்கைக்கான ஆய்வில் பயன்படுத்தும் படிநிலை இதற்கு வசதியானது: எழுத்து, சொல், சிறு பத்தி, கதை. ஒருவருக்கு மூன்று நிமிடம் ஆகும். தனியாகக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி, தவறுகளை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். தமிழில் தடை பெரும்பாலும் மூன்று இடங்களில் வரும். ஒன்று, எழுத்துக்கு முன்னால் வரும் கொம்புகள்: ‘கெ’, ‘கே’, ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ குழம்பும். இரண்டு, ல–ள–ழ, ர–ற, ந–ன–ண. இது பேச்சில் உள்ள குழப்பம், வாசித்துப் பொருள் கொள்வதை அவ்வளவாகத் தடுக்காது, எனவே இதில் நேரத்தைக் கொட்ட வேண்டாம். மூன்றாவதுதான் உயர்நிலை வகுப்பில் பெரிய தடை: நீளச் சொல். ‘சென்றுகொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்ற சொல்லின் நடுவில் போகும்போதே தொடக்கம் மறந்துபோகும். அதைச் ‘சென்று / கொண்டிருந்தவர் / களிடம் / இருந்து’ என்று பென்சிலால் கோடிட்டுப் பிரித்து வாசிக்கப் பழக்குங்கள். புணர்ந்த சொற்களுக்கும் இதே வழி: ‘மரமொன்றிலிருந்து’ என்பதை ‘மரம் + ஒன்றில் + இருந்து’ என்று உடைத்துக் காட்டி, பிறகு சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். அடுத்த நாள் வாசிக்கப்போகும் பத்தியிலிருந்து இப்படி ஆறு சொற்களை எடுத்துக்கொண்டால் போதும்.

பிறகு ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. 60 முதல் 80 சொல் உள்ள பத்தியை நீங்கள் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். பிள்ளை ஒரு நண்பனிடம் மூன்று முறை வாசிக்கட்டும். முதல் முறையும் மூன்றாம் முறையும் எத்தனை நொடி, எத்தனை தவறு என்று அவரே நோட்டில் எழுதட்டும். ‘நிமிடத்துக்கு இத்தனை சொல்’ என்று ஆங்கிலத்துக்கு வகுத்த அளவுகளைத் தமிழுக்குப் பொருத்தாதீர்கள். நம் ஒரு சொல் சில நேரம் அவர்களுடைய நான்கு சொல்லுக்குச் சமமாக இருக்கும். நேற்றைய தன்னோடு இன்றைய தன்னை ஒப்பிட்டால் போதும்.

புத்தகத்துக்கு, தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கச் சிறுநூல்கள் ‘நுழை’, ‘நட’, ‘ஓடு’, ‘பற’ என்ற நான்கு படிகளில் இருக்கின்றன. பதினான்கு வயதுப் பையனிடம் ‘நுழை’ நூலைக் கொடுக்கும்போது படியின் பெயரைச் சொல்லாதீர்கள். ‘ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டணும், பழகிட்டு வா’ என்று கொடுத்து, உண்மையிலேயே வெள்ளிக்கிழமை அனுப்பி வையுங்கள். சின்னப் புத்தகத்தை அவர் வாசிப்பதற்கு மதிப்பான ஒரு காரணம் கிடைத்துவிடும்.

கேள்வி: கலந்துரையாடலில் பேச்சு வழக்கை அனுமதிக்கலாமா? பேசும்போதே நல்ல தமிழ் பழகட்டுமே?
– பெற்றோர், சென்னை

அனுமதிக்க வேண்டும். எழுத்துத் தமிழில் பேசச் சொன்னால் பிள்ளையின் கவனம் முழுவதும் ‘இருக்கிறது’ என்பதா, ‘உள்ளது’ என்பதா என்பதிலேயே போய்விடும். மேலே சொன்ன கண்மாய்ப் பத்தியைப் பற்றி ‘அவங்க வேணும்னே அந்த நேரத்துல கூட்டம் வச்சாங்க’ என்பது கூர்மையான வாசிப்பு. பேசி முடித்தபின் அதே கருத்தை எழுத்துத் தமிழில் மூன்று வாக்கியமாக நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பேச்சிலிருந்து எழுத்துக்கு மாற்றும் அந்தப் பத்து நிமிடம் நல்ல இலக்கணப் பயிற்சியும்கூட. தாளிலிருந்து வரியை வாசித்துக் காட்டும்போது மட்டும் உள்ளது உள்ளபடி வாசிக்க வேண்டும்.

கேள்வி: பாடநூலுக்கு வெளியே செலவில்லாமல் நல்ல பத்திகள் எங்கே கிடைக்கும்? ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தால் காப்புரிமைச் சிக்கல் வருமா?
– ஆசிரியர் பயிற்றுநர், தென்காசி மாவட்டம்

கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை: ஆறு முதல் ஒன்பது வரையிலான வகுப்புகளுக்காகப் பள்ளிக் கல்வித் துறை வெளியிடும் ‘தேன்சிட்டு’ இதழ். பழைய இதழ்களைக் கட்டிப் போடாமல் கட்டுரைகளைத் தனித்தனியாக வெட்டி அட்டையில் ஒட்டினால் ஓர் ஆண்டில் ஐம்பது அறுபது வாசிப்பு அட்டைகள் சேர்ந்துவிடும். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு நிலைகளில் கிடைக்கின்றன. திறந்த உரிமத்தில் இருப்பதால் அச்சிடலாம், மூலத்தைக் குறிப்பிட்டு மாற்றி எழுதவும் செய்யலாம். உயர்நிலை வகுப்புக்கு அதன் நான்காம் நிலையே பொருந்தும். அறிவியல் சார்ந்த கதைகளாகப் பார்த்து எடுங்கள், மற்றவை சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும்.

பழைய உரைநடைக்கு 1998 பொங்கலன்று தொடங்கிய ‘மதுரைத் திட்டம்’ என்ற இலவச மின்நூல் தளமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும் இருக்கின்றன. இலங்கைத் தமிழ் இதழ்களும் நூல்களும் ‘நூலகம்’ தளத்தில் உள்ளன. ஒரே செய்தியை இங்கும் அங்கும் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று ஒப்பிட அவை மிக நல்லவை. ஒரு முன்னெச்சரிக்கை: ஸ்கேன் செய்த பழைய நூல்களில் ‘ணை’, ‘லை’, ‘றா’ போன்ற எழுத்துகள் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவங்களில் வரும். தமிழ்நாட்டில் 1978இல்தான் அவை மாறின. இன்றைய பிள்ளைகள் அங்கே தடுக்கி நிற்பார்கள். ஒரு முறை கரும்பலகையில் இரண்டு வடிவத்தையும் எழுதிக் காட்டினால் பழகிவிடும். தட்டச்சு செய்த பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள்.

நாளிதழை மறக்க வேண்டாம். ஒரே நாளில் இரண்டு வெவ்வேறு நாளிதழ்களை வாங்கி, ஒரே நிகழ்ச்சியைப் பற்றிய இரண்டு செய்திகளை வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். தலைப்பில் யார் எழுவாய்? எந்தத் தகவல் ஒன்றில் இருக்கிறது, மற்றதில் இல்லை? யாருடைய பேச்சை மேற்கோளாகப் போட்டிருக்கிறார்கள்? இந்த மூன்று கேள்விகளே ஒரு பாடவேளைக்குக் காணும்.

காப்புரிமை பற்றி: இந்தியாவில் எழுத்தாளர் இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்கு உரிமை நீடிக்கும். தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்துகளைப் பயன்படுத்தத் தடையில்லை. அதற்கு வெளியே உள்ளவற்றையும், ஆசிரியரோ மாணவரோ கற்பித்தலின் பகுதியாகப் படி எடுத்துக்கொள்ள 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. வகுப்புக்குக் கொடுக்கலாம். தொகுத்துப் புத்தகமாக்கி விற்கக் கூடாது, பொதுவெளியில் ஏற்றவும் கூடாது.

கேள்வி: வாசிப்புத் தாள் தயாரிக்கும்போது கவனிக்க வேண்டியவை?
– இடைநிலை ஆசிரியை, ஈரோடு மாவட்டம்

45 நிமிடப் பாடவேளைக்கு 200 முதல் 250 சொல் போதும். அதற்கு மேல் போனால் வாசித்து முடிக்கவே நேரம் சரியாகிவிடும், பேச நேரமிருக்காது. 14 புள்ளி எழுத்து, ஒன்றரை வரி இடைவெளி, வலப்பக்கம் நான்கு சென்டிமீட்டர் ஓரம் விடுங்கள். அந்த ஓரம் பிள்ளைகள் எழுதுவதற்கு: புரியாத இடத்தில் கேள்விக்குறி, வியப்பான இடத்தில் ஆச்சரியக்குறி, ஒப்புக்கொள்ள முடியாத இடத்தில் பெருக்கல்குறி. மூன்று குறிகளுக்கு மேல் சொல்லாதீர்கள்.

ஐந்து வரிக்கு ஒருமுறை வரி எண் போடுங்கள். சின்ன வேலைதான், ஆனால் இது இல்லாவிட்டால் ‘எங்கே இருக்கு?’ என்று கேட்கும்போதெல்லாம் ‘அங்க, நடுவுல’ என்று அரை நிமிடம் வீணாகும். அருஞ்சொற்பொருள் ஐந்துக்கு மிகாமல் இருக்கட்டும். சூழலை வைத்து ஊகிக்கக்கூடிய சொல்லுக்குப் பொருள் தராதீர்கள், அந்த ஊகமும் வாசிப்புத்தான். கேள்விகளைப் பத்திக்குக் கீழே அச்சிட்டால் பலர் கேள்வியைப் படித்துவிட்டு விடையை மட்டும் தேடுவார்கள். பின்பக்கத்தில் அச்சிடுங்கள், அல்லது கரும்பலகையில் பிறகு எழுதுங்கள். இரண்டு பேருக்கு ஒரு தாள் போதும். செலவு பாதியாகும், தலைகள் தாமாகவே நெருங்கும்.

பத்தி வகுப்புக்கு ஏற்ற கடினத்தில் இருக்கிறதா என்று முன்கூட்டியே அறிய ஒரு வழி உண்டு. 1953இல் வில்சன் டெய்லர் உருவாக்கிய கோடிட்ட இடச் சோதனை அது. முதல் வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டு, பிறகு ஒவ்வொரு ஐந்தாவது சொல்லையும் எடுத்துக் கோடு போட்டு நிரப்பச் சொல்ல வேண்டும். தமிழில் ஐந்து என்பது மிக நெருக்கம், எட்டாவது சொல்லாக வைத்துக்கொள்ளுங்கள். வேர்ச்சொல் சரியாக இருந்து விகுதி மட்டும் மாறினால் சரி என்றே கொள்ளுங்கள். பாதிக்கு மேல் கோடுகளைப் பலரும் நிரப்ப முடியாவிட்டால் அந்தப் பத்தியை அடுத்த பருவத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.

கேள்வி: நால்வர் குழுவில் ஒருவர் வேலை செய்கிறார், மூன்று பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். ஆளுக்கொரு பொறுப்புக் கொடுப்பதற்கு ஒழுங்கான முறை உண்டா?
– தமிழாசிரியர், நாமக்கல் மாவட்டம்

உண்டு. அன்மேரி பாலின்சாரும் ஆன் பிரவுனும் 1984இல் வெளியிட்ட ‘பரிமாற்றக் கற்பித்தல்’ இதற்காகவே அமைந்தது போன்றது. எழுத்தை வாசிக்க வந்தும் பொருள் பிடிபடாத ஏழாம் வகுப்பு மாணவர்களோடு அவர்கள் அதைச் செய்தார்கள். நான்கு வேலைகள்: அடுத்து என்ன வரும் என்று முன்னறிவது, புரியாததைத் தெளிவுபடுத்துவது, கேள்வி கேட்பது, சுருக்கிச் சொல்வது.

நான்கையும் ஒரே நாளில் அறிமுகப்படுத்தினால் நிச்சயம் தோற்கும். வாரத்துக்கு ஒன்று. முதல் வாரம் சுருக்கிச் சொல்வது: நீங்கள் ஒரு பத்தியை வாசித்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக் காட்டுங்கள். ‘இதுல மூணு தகவல் இருக்கு. ஆனா பத்தி முழுசும் எதைப் பத்தி? தண்ணியப் பத்தியா, கூட்டத்தப் பத்தியா?’ இப்படி. நான்கு வாரம் கழித்தே நான்கு அட்டைகளைக் குழுவில் கொடுக்க வேண்டும். ஒரு பத்தி முடிந்ததும் அட்டைகள் வலப்பக்கம் நகரும். நான்கு பத்தியில் எல்லோரும் எல்லா வேலையும் செய்துவிடுவார்கள். பத்திக்கு ஆறு நிமிடம்.

கெட்டுப்போகும் இடங்கள் எவை என்று சொல்லிவிடலாம். சுருக்குபவர் முதல் வாக்கியத்தை அப்படியே வாசிப்பார். அதற்கு ‘தாளைக் கவிழ்த்துவிட்டு, பதினைந்து சொல்லுக்குள்’ என்று விதி வையுங்கள். தெளிவுபடுத்துபவர் ‘எல்லாம் புரிஞ்சிருச்சு’ என்பார். ‘ஐந்தாம் வகுப்புத் தங்கச்சிக்கு எந்த இடம் புரியாது?’ என்று கேள்வியை மாற்றினால், தனக்கே புரியாத இடத்தைக் கூச்சமில்லாமல் காட்டுவார். கேள்வி கேட்பவர் ‘எத்தனை, யார், எப்போது’ என்பதிலேயே நிற்பார். அட்டையிலேயே ‘ஏன்’, ‘எப்படித் தெரியும்’, ‘இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்’ என்ற தொடக்கங்களை எழுதி வையுங்கள். முன்னறிபவர் சொன்னது நடந்ததா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அடுத்த பத்தி முடிந்ததும் முதல் வேலையாக அதைச் சரிபார்க்கச் செய்யுங்கள். இரண்டு மாதம் கழித்து அட்டைகள் வெறும் சடங்காகத் தோன்றினால் எடுத்துவிடுங்கள். அட்டை இல்லாமலே நான்கும் நடந்தால் அதுதான் பலன்.

கேள்வி: பாடப்பகுதியை முடிக்கவே நேரமில்லை. இதற்கெல்லாம் எங்கே போவது?
– பத்தாம் வகுப்பு ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்

பாடநூலின் உரைநடைப் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லிட் ஆரன்சன் 1971இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளுக்காக வகுத்த துண்டுப் புதிர் முறை நீண்ட பாடத்துக்குப் பொருந்தும். பாடத்தை நான்கு துண்டாக்குங்கள். முதல் 15 நிமிடம், ஒரே துண்டு கிடைத்தவர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பேசட்டும். ஒரு வட்டத்தில் ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம், ஒரே துண்டுக்கு இரண்டு வட்டம் இருக்கலாம். அடுத்த 20 நிமிடம், துண்டுக்கு ஒருவராக நால்வர் குழுவில் சேர்ந்து ஆளுக்கு ஐந்து நிமிடம் மற்றவர்களுக்குச் சொல்லித்தரட்டும். கடைசிப் பத்து நிமிடம், எந்தத் துண்டிலும் தனியாக விடையில்லாத ஒரு கேள்வி. தவறாகப் புரிந்தவர் தவறாகவே சொல்லித்தரும் அபாயம் உண்டு. எனவே முதல் 15 நிமிடத்தில் நீங்கள் எல்லா வட்டத்தையும் சுற்றிவந்தே ஆக வேண்டும். அன்று வராதவர்களின் துண்டை வாசிக்க முன்பே மாற்று ஆள் வையுங்கள். செய்யுளுக்கு இந்த முறை வேண்டாம், துண்டாக்கினால் பாட்டு செத்துவிடும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் மாதம் ஒரு பட்டிமன்றம் நடத்துகிறோம். அதுவே கலந்துரையாடல்தானே?
– தலைமையாசிரியர், புதுக்கோட்டை மாவட்டம்

பட்டிமன்றம் நம் ஊரில் பிள்ளைகளுக்குப் பேச்சுத் துணிச்சலைக் கொடுத்த அருமையான மேடை, அதை நிறுத்த வேண்டாம். ஆனால் அங்கே அணி முன்பே முடிவாகிவிடுகிறது. எதிரணி நல்ல சான்று சொன்னாலும் மனம் மாற உரிமையில்லை. ஆறு பேர் பேச, முந்நூறு பேர் கைதட்டுகிறார்கள். எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்தும் வந்துவிடலாம்.

அதை உரையாடலாக்க மூன்று மாற்றங்கள் செய்து பாருங்கள். முதலாவது, பேசுகிறவர்கள் எல்லோருக்கும் இரண்டு நாள் முன்பே ஒரே தாளில் இரண்டு பக்கச் சான்றுகளையும் கொடுங்கள். அதற்கு வெளியே பேசக் கூடாது. இரண்டாவது, பாதி நேரத்தில் மணியடித்து அணிகளை இடம் மாற்றுங்கள், இதுவரை எதிர்த்ததை இனி ஆதரித்துப் பேச வேண்டும். முதலில் முனகுவார்கள். எதிரணியின் மிக வலுவான வாதம் எது என்பதை அப்போதுதான் உண்மையிலேயே தேடுவார்கள். மூன்றாவது, முந்நூறு பேருக்கும் வேலை கொடுங்கள். நடுவில் ஆறு நாற்காலி, அதில் ஒன்று காலி. வெளியே இருக்கும் யாரும் வந்து காலி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு கருத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பலாம். ஆனால் ‘முன்னே பேசியவர் சொன்னது இது’ என்று அவர் கருத்தைத் தன் சொல்லில் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நடுவர் தீர்ப்புக்குப் பதிலாக, தொடங்கும்முன் ஒரு முறையும் முடிந்தபின் ஒரு முறையும் சீட்டில் கருத்தை எழுதி வாங்குங்கள். எத்தனை பேர் மாறினார்கள், எந்தச் சான்று மாற்றியது என்று மறுநாள் வழிபாட்டுக் கூட்டத்தில் வாசியுங்கள்.

கேள்வி: சாதி, மதம் தொட்ட பத்தி வந்தால் வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ஆசிரியை, மதுரை மாவட்டம்

பயம் நியாயமானது. ஆண்டின் முதல் மாதத்தில் இப்படிப்பட்ட பத்தியை எடுக்காதீர்கள், உரையாடும் பழக்கம் முதலில் சாதாரணப் பொருளில் ஊறட்டும். எடுக்கும் நாளில் கதைமாந்தர் செய்ததைப் பற்றி மட்டும் பேசுவது என்று விதி. ‘உங்க ஆளுங்க’, ‘எங்க தெரு’ என்ற சொற்கள் வந்த கணமே நிறுத்தி ‘எந்த வரி?’ என்று கேளுங்கள். எந்தப் பிள்ளையையும் தன் சமூகத்தின் சார்பில் பதில் சொல்ல எழுப்பாதீர்கள், அது மிகப் பெரிய வதை. குரல் உயர்ந்தால் திட்ட வேண்டாம். எல்லோரையும் பேனா எடுக்கச் சொல்லி இரண்டு நிமிடம் எழுத வையுங்கள், சூடு தணிந்துவிடும். அரசியலமைப்பு சமத்துவத்தைச் சொல்கிறது, தீண்டாமையை 17ஆம் பிரிவு ஒழித்துவிட்டது. இவை விவாதத்துக்கான இரு பக்கம் அல்ல என்பதை நீங்கள் தெளிவாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.

கேள்வி: உரையாடலுக்கு எப்படி மதிப்பெண் போடுவது?
– முதுகலை ஆசிரியர், திருச்சி மாவட்டம்

பேசிய தடவைகளுக்குப் போடாதீர்கள். போட்டால் சத்தமானவர்களுக்கே போய்ச் சேரும். வகுப்பு அமர்ந்திருக்கும் படத்தை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். யார் பேசியபின் யார் பேசினார்கள் என்று கோடு இழுத்துக்கொண்டே வாருங்கள். வரியைக் காட்டிப் பேசினால் ‘வ’, அடுத்தவர் கருத்தைத் தொடர்ந்தால் ‘தொ’, கேள்வி எழுப்பினால் ‘கே’ என்று பெயருக்குப் பக்கத்தில் குறியுங்கள். கோடுகள் எல்லாம் உங்கள் மேசைக்கும் அவர்களுக்கும் இடையில் மட்டும் ஓடினால் அங்கே உரையாடல் இல்லை, வாய்மொழித் தேர்வுதான் நடக்கிறது. ஒரே நாளில் வகுப்பு முழுவதையும் கவனிக்க முடியாது, நாளுக்கு எட்டுப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்ணை நோட்டுக்குக் கொடுங்கள். உரையாடலுக்கு முன் எழுதிய ஒரு வாக்கியம் இடப்பக்கம் இருக்கும். முடிந்தபின் வலப்பக்கத்தில், ‘முன்பு இப்படி நினைத்தேன்; இன்னார் இந்த வரியைக் காட்டியதால் இப்போது இப்படி நினைக்கிறேன்’ என்று மூன்று வாக்கியம். கருத்து மாறவில்லை என்றால் எந்தச் சான்றால் மாறவில்லை என்று எழுதட்டும். பத்துக்கு மதிப்பெண்: வரி எண்ணோடு சான்று நான்கு, இன்னொருவரின் கருத்தைச் சரியாகச் சொன்னதற்கு மூன்று, தன் முடிவுக்கான காரணம் மூன்று. வகுப்பில் ஒரு வார்த்தையும் பேசாத பிள்ளைக்கும் இதில் பத்துக்குப் பத்து வாங்க வழியுண்டு.